மீன்கொத்தியின் கணக்கு எங்கே இடிக்கிறது? இனப்பெருக்க உத்திகளின் தகுதியைக் கணக்கிடும்போது வரும் பிழைகள்

ஏரிக்கரையில் நின்று நீர்ப்பறவை பார்த்தவர்களுக்குக் கருப்பு வெள்ளை மீன்கொத்தியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நீருக்கு மேலே ஒரே இடத்தில் படபடவென்று சிறகடித்து நின்று, கல் போல விழுந்து, மீனோடு எழும் பறவை. ஆணுக்கு மார்பில் இரண்டு கருப்புப் பட்டைகள் இருக்கும். பெண்ணுக்கு நடுவில் அறுந்த ஒற்றைப் பட்டைதான். இதே இனத்தைக் கென்யாவில் விக்டோரியா, நைவாஷா ஏரிகளின் கரையில் வளையம் மாட்டிப் பின்தொடர்ந்தவர் உலி ரெயர். 1984-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஒரு பறவை எடுக்கும் வெவ்வேறு இனப்பெருக்க உத்திகளின் பரிணாமத் தகுதியை (அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும் மரபணுப் பங்கை) எண்ணில் காட்டியது. அந்த எண்கள் பாடப்புத்தகங்களுக்குள் போய், இன்று விலங்கியல் மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்காக வருகின்றன.

பெருக்கலும் கூட்டலும் மட்டுமே உள்ள கணக்கு இது. ஆனாலும் விடை தப்பி வருவது சகஜம். யாருடைய குஞ்சை யார் கணக்கில் எழுதுவது, எதுவரைக்கும் எழுதுவது என்ற இடத்தில்தான் பெரும்பாலும் கால் இடறுகிறது. அதனால் சரியான கணக்கை முதலில் வைத்துவிட்டு, தவறான விடை எப்படித் தோன்றுகிறதோ அதிலிருந்து காரணத்துக்குப் போகலாம்.

## முதலில் சரியான கணக்கு

இந்த மீன்கொத்திகளில் பெண்களைவிட ஆண்கள் அதிகம். ஆகவே ஓராண்டு நிரம்பிய ஆண்கள் பலருக்குத் துணை கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட ஆண் மூன்றில் ஒன்றைச் செய்கிறது.

முதலாவது, தன் பெற்றோரின் வளைக்கு மீன் கொண்டுவந்து தம்பி தங்கைகளை வளர்ப்பது. இதை முதன்மை உதவியாளர் என்போம். இரண்டாவது, உறவே இல்லாத ஒரு ஜோடிக்கு உதவுவது. இது இரண்டாம் நிலை உதவியாளர். மூன்றாவது, யாருக்கும் உதவாமல் அந்தப் பருவத்தைக் கழிப்பது. இதைக் காத்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஆண்டு வரவு: உதவியால் கூடுதலாகப் பிழைத்த குஞ்சுகள் × அக்குஞ்சுகளோடு உள்ள உறவுக் கெழு (இரு பறவைகளுக்கும் பொதுவான மரபணுப் பங்கு; சொந்தக் குஞ்சுக்கு 0.5).

இரண்டாம் ஆண்டு வரவு: சொந்தக் குஞ்சுகள் × 0.5 × அடுத்த ஆண்டுவரை உயிரோடிருக்கும் வாய்ப்பு × துணை கிடைக்கும் வாய்ப்பு.

முதன்மை உதவியாளர்: 1.8 × 0.32 = 0.58; பிறகு 2.5 × 0.5 × 0.54 × 0.60 = 0.41, மொத்தம் 0.99.

இரண்டாம் நிலை உதவியாளர்: 1.3 × 0 = 0; பிறகு 2.5 × 0.5 × 0.74 × 0.91 = 0.84, மொத்தம் 0.84.

காத்திருப்பவர்: 0, பிறகு 2.5 × 0.5 × 0.70 × 0.33 = 0.29, மொத்தம் 0.29.

உங்கள் எக்செல் ஷீட்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: புத்தகத்தில் 0.99, ஷீட்டில் 0.98

உங்கள் ஷீட் சரி. 1.8 × 0.32 என்பது 0.576. இரண்டாம் ஆண்டு வரவு 0.405. கூட்டினால் 0.981. புத்தகக் கணக்கில் இரண்டையும் தனித்தனியே 0.58, 0.41 என்று முழுமையாக்கிவிட்டுக் கூட்டியிருப்பதால் 0.99 ஆகிறது. கடைசி வரியில் மட்டும் முழுமையாக்குங்கள். கீழே வரும் கணக்குகளில் 0.981-ஐத்தான் பயன்படுத்துகிறேன்.

## அறிகுறி: இரண்டாம் நிலை உதவியாளருக்கும் காத்திருப்பவருக்கும் ஒரே மதிப்பு

முதன்மை, இரண்டாம் நிலை, காத்திருப்பவர் என்ற வரிசையில் 1.83, 1.25, 1.25 என்று வந்தால், இரண்டாம் ஆண்டில் உயிர்பிழைப்பு, துணை கிடைப்பது என்ற இரண்டு பெருக்கல்களும் விட்டுப்போயிருக்கின்றன. எல்லாப் பறவையும் அடுத்த ஆண்டு உயிரோடு வந்து, எல்லாவற்றுக்கும் துணை கிடைத்துவிட்டது என்று ஷீட் நினைத்துக்கொண்டிருக்கிறது.

1.25, 0.93, 0.88 என்று வந்தால் துணை கிடைக்கும் வாய்ப்பு மட்டும் விடுபட்டிருக்கிறது. 1.33, 1.14, 0.41 என்றால் உயிர்பிழைப்பு விடுபட்டிருக்கிறது.

உயிர்பிழைப்பு, துணை கிடைக்கும் வாய்ப்பு என்ற இந்த இரண்டு எண்களும் சொல்லும் கதை முக்கியம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். முதன்மை உதவியாளர் பெற்றோர் அளவுக்கே உழைக்கிறது. அலகில் இருக்கும் மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு (குஞ்சு தலைப்பக்கமாக விழுங்க வேண்டுமே) நாளெல்லாம் வளைக்கும் நீருக்குமாக அலைகிறது. அதன் விலை அடுத்த ஆண்டு தெரிகிறது: உயிர்பிழைப்பு 0.54. இரண்டாம் நிலை உதவியாளர் குறைவாகவே இரை கொண்டுவருகிறது, 0.74 வாய்ப்போடு தப்பிக்கிறது. காத்திருந்ததற்கு 0.70. ஆக, உயிர்பிழைப்பில் பின்னுள்ள இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு துணையில் இருக்கிறது. உறவில்லாத கூட்டில் உதவிய ஆண், அடுத்த பருவத்தில் பல நேரம் அந்தக் கூட்டின் பெண்ணோடேயே சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் 0.91. சும்மா இருந்த ஆணுக்கு 0.33 மட்டுமே. முதல் ஆண்டில் 0 என்று எழுதிய உழைப்பின் பலன், இரண்டாம் ஆண்டின் அந்த 0.91-க்குள் ஒளிந்திருக்கிறது. அந்தப் பெருக்கலை விட்டுவிட்டால், உறவில்லாதவருக்கு ஏன் உதவ வேண்டும் என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

## அறிகுறி: இரண்டாம் நிலை உதவியாளர் முதலிடத்துக்கு வந்துவிட்டது

1.39, 1.68, 0.58 என்று ஷீட் காட்டினால், சொந்தக் குஞ்சுகளை 0.5-ஆல் பெருக்கவில்லை. தம்பி தங்கைகளுக்கு உறவுக் கெழு போட்டுவிட்டு, சொந்தப் பிள்ளைகளை முழு எண்ணாகவே வைத்துவிட்டால், இரண்டு வேறு அலகுகளைக் கூட்டியதாகிவிடும். வரிசையே புரண்டுவிடும் என்பதால் இது ஆபத்தான பிழை. விடை நம்பும்படியாகவும் இருக்கும்.

சிலர் எல்லாவற்றையும் ‘சொந்தக் குஞ்சுக்குச் சமமானவை’ என்ற அலகில் எழுதுவார்கள். அதுவும் சரிதான். அப்போது உறவுக் கெழுவை 0.5-ஆல் வகுக்க வேண்டும், விடைகள் 1.96, 1.68, 0.58 என்று வரும். இரண்டில் எதையும் எடுக்கலாம். பாதியில் மாறக் கூடாது.

## அறிகுறி: முதன்மை உதவியாளரின் மதிப்பு எகிறிவிட்டது

எவ்வளவு எகிறியது என்று பாருங்கள்.

1.31 வந்தால், உறவுக் கெழுவில் 0.32-க்குப் பதில் 0.5 போட்டிருக்கிறீர்கள். தாய் தந்தை இருவரும் ஒன்றாக இருந்தால்தான் புதிய குஞ்சுகள் முழு உடன்பிறப்புகள். ஒருவர் இறந்து வேறு துணை வந்திருந்தால் அவை பாதி உடன்பிறப்புகள்; கெழு 0.25. இந்த இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு என்று வைத்துக் கணக்கிட்டால், சராசரி 0.32 வருவதற்குக் கூடுகளில் 28 சதவீதத்தில்தான் இரண்டு பெற்றோரும் மாறாமல் இருந்திருக்க வேண்டும். பறவைகளின் வாழ்வு அத்தனை நிலையற்றது என்பது ஒரு தசம எண்ணுக்குள் இருக்கிறது.

வேறு இனத்தை எடுத்துக்கொண்டால் இன்னொரு சிக்கலும் சேரும். ஆஸ்திரேலியாவின் சூப்பர்ப் ஃபேரி-ரென் குருவியில் குஞ்சுகளில் பாதிக்கும் மேற்பட்டவை கூட்டின் ஆணுக்குப் பிறந்தவை அல்ல. டிஎன்ஏ பரிசோதனை வருவதற்கு முன் கூட்டைப் பார்த்து உறவை ஊகித்த கணக்குகளை அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

1.56 அளவுக்கு வந்தால் பிழை வேறு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உதவி இல்லாத கூட்டில் 1.8 குஞ்சுகளும், ஓர் உதவியாளர் இருந்தால் 3.6 குஞ்சுகளும் பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உதவியாளரின் கணக்கில் 3.6-ஐயும் எழுதினால் 3.6 × 0.32 = 1.15, அதோடு 0.41 சேர்ந்து 1.56. ஆனால் அந்த 3.6-ல் பாதி, உதவியாளர் இல்லாவிட்டாலும் பிழைத்திருக்கும். அது பெற்றோரின் வரவு. உதவியாளருக்கு உரியது, தான் இருந்ததால் மட்டுமே உண்டான கூடுதல் 1.8.

இந்தப் பிழை ஆய்விதழ்களிலேயே பரவிக் கிடந்தது. ஆலன் கிராஃபன் 1982-ல் ‘நேச்சர்’ இதழில் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். உறவினர்களையும் சேர்த்த தகுதிக்குப் பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1964-ல் தந்த வரையறையில் இரண்டு வேலைகள் உண்டு: மற்றவர்களுக்கு நீ செய்த உதவியின் பலனை உன் கணக்கில் சேர், மற்றவர்கள் உனக்குச் செய்த உதவியின் பலனை உன் கணக்கிலிருந்து கழி. எல்லோரும் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பெற்றோரின் வரவில் 3.6 குஞ்சுகளையும் எழுதி, உதவியாளரின் வரவில் 1.8-ஐயும் எழுதினால், ஒரே பணத்தை அண்ணன் தம்பி இருவரின் பாஸ்புக்கிலும் வரவு வைத்த மாதிரி. உங்கள் ஷீட்டில் பெற்றோருக்கும் ஒரு வரி இருந்தால் அங்கே 1.8 மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அடுத்த கேள்வி: அந்தக் ‘கூடுதல்’ எங்கிருந்து வந்தது? உதவியாளர் உள்ள கூடுகளின் சராசரியிலிருந்து, இல்லாத கூடுகளின் சராசரியைக் கழித்தால் போதும் என்று தோன்றும். போதாது. நல்ல இடத்தைப் பிடித்த, அனுபவமுள்ள ஜோடிக்குப் போன ஆண்டே அதிகக் குஞ்சுகள் பிழைத்திருக்கும். அதனாலேயே அதற்கு இந்த ஆண்டு உதவியாளர்களும் இருக்கும். உதவியாளரால் குஞ்சு பிழைத்ததா, குஞ்சு பிழைக்கும் இடம் என்பதால் உதவியாளர் வந்ததா என்பது சராசரிகளில் தெரியாது. ஆஸ்திரேலியாவில் ஜெரம் பிரவுனும் அவருடைய சகாக்களும் சாம்பல் தலைச் சிலம்பன் கூட்டங்களிலிருந்து உதவியாளர்களை அகற்றிப் பார்த்து 1982-ல் வெளியிட்டார்கள். குஞ்சுகளின் எண்ணிக்கை குறைந்தது. ஃபுளோரிடா ஸ்க்ரப் ஜே பறவைகளில் ரொனால்ட் மம்மி அதே வகைச் சோதனை செய்து 1992-ல் வெளியிட்டார். அங்கும் உதவி உண்மையான உதவிதான் என்று தெரிந்தது. சோதனை செய்ய வழியில்லாதவர்கள், ஒரே ஜோடி உதவியோடு வளர்த்த ஆண்டையும் உதவியில்லாமல் வளர்த்த ஆண்டையும் ஒப்பிடலாம். இடமும் ஜோடியும் மாறாததால் பாதிச் சிக்கல் தீரும்.

விக்டோரியா, நைவாஷா இரண்டின் டேட்டாவையும் கலக்காதீர்கள். நைவாஷாவில் மீன் பிடிப்பது எளிது, பெற்றோரே சமாளித்துவிடும். உறவில்லாத ஆண் நெருங்கினால் விரட்டியடிக்கும். விக்டோரியாவில் அலை அதிகம், மீன் சிறிது, தொலைவு போக வேண்டும். அங்கே அதே ஆணை ஏற்றுக்கொள்ளும். உதவியின் மதிப்பு பறவையின் நிலையான குணம் இல்லை. ஏரிக்கு ஏரி அது மாறும்.

## அறிகுறி: கணக்கை வாழ்நாள் முழுவதற்கும் நீட்டினால் வரிசை மாறுகிறது

ஃபார்முலாவில் தப்பு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தப்பு இல்லை.

மேலே உள்ள கணக்கு இரண்டு ஆண்டுகளோடு நிற்கிறது. மூன்றாம் ஆண்டு முதல் எல்லாரும் சமம் என்பது அதற்குள் இருக்கும் அனுமானம். ஆனால் மூன்றாம் ஆண்டை எத்தனை பேர் அடைகிறார்கள்? 100 முதன்மை உதவியாளர்களில் இரண்டாம் ஆண்டில் இனப்பெருக்கம் செய்பவை 0.54 × 0.60, அதாவது 32. இரண்டாம் நிலை உதவியாளர்களில் 67. இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு வாழ்நாளில் ஒரு பறவை சராசரியாக இன்னும் கொஞ்சம் வரவு ஈட்டும் என்றால், அந்த வரவு 32 பேருக்கும் 67 பேருக்கும் பிரிந்து சேரும். இடைவெளி அங்கே சுருங்கத் தொடங்குகிறது.

எந்தப் புள்ளியில் சமமாகும்? முதன்மைக்கு முதல் ஆண்டில் கிடைத்த முன்னிலை 0.576. இரண்டுக்கும் உள்ள இனப்பெருக்க வாய்ப்பு வேறுபாடு 0.673 − 0.324 = 0.349. 0.576-ஐ 0.349-ஆல் வகுத்தால் 1.65. இதில் இரண்டாம் ஆண்டின் பங்கு 1.25 (2.5-ல் பாதி). மிச்சம் 0.40. அதாவது, இரண்டாம் ஆண்டில் இனப்பெருக்கம் செய்த பறவை அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் சேர்த்து 0.40-க்கு மேல் ஈட்டினால், இரண்டாம் நிலை உதவியாளர் முந்திவிடுகிறது. சொந்தக் குஞ்சில் சொன்னால் 0.8 குஞ்சு. இன்னொரு நல்ல பருவம் கிடைத்தாலே எட்டக்கூடிய எண்.

இதில் ஒரு திருத்தம் தேவை. இரண்டாம் ஆண்டில் துணை கிடைக்காமல் போனவையும் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றுக்கு மூன்றாம் ஆண்டில் வாய்ப்பு வரலாம். உயிரோடிருக்கும் எல்லா ஆண்களுக்கும் மூன்றாம் ஆண்டில் சம வாய்ப்பு என்று கொண்டால், வேறுபாடு 0.74 − 0.54 = 0.20 மட்டுமே. இரண்டு ஆண்டுக் கணக்கில் முதன்மையின் முன்னிலை 0.981 − 0.842 = 0.139. அப்போது சமமாகும் புள்ளி 0.139-ஐ 0.20-ஆல் வகுத்தால் வரும் 0.70. உண்மை இந்த இரண்டு அனுமானங்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

ஆகவே ஷீட்டின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்: எத்தனை ஆண்டுக் கணக்கு, அதன் பிறகு என்ன அனுமானம். ‘முதன்மை உதவியே சிறந்த உத்தி’ என்று ஒற்றை வரியில் முடிவு எழுதும் மாணவரைவிட, ‘இரண்டு ஆண்டுக் கணக்கில்’ என்ற மூன்று சொல்லைச் சேர்த்து எழுதும் மாணவருக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன்.

## அறிகுறி: 0.98-க்கும் 0.84-க்கும் உள்ள வேறுபாட்டை நம்பலாமா என்று தெரியவில்லை

ஒவ்வொரு எண்ணையும் தனியே நகர்த்திப் பாருங்கள். இரண்டாம் நிலை உதவியாளருக்குக் குஞ்சுகளோடு உறவுக் கெழு 0 என்பதற்குப் பதில் 0.05 போட்டால் மதிப்பு 0.91 ஆகிறது, வரிசை மாறவில்லை. 0.11 வரை போனால்தான் முந்துகிறது. முதன்மை உதவியால் வரும் கூடுதல் 1.8-லிருந்து 1.37-க்கு இறங்கினால் இரண்டும் சமமாகின்றன. இரண்டாம் நிலையின் உயிர்பிழைப்பு 0.74-லிருந்து 0.86 ஆனாலும் சமம்.

இந்தத் தூரங்கள் உங்கள் டேட்டாவின் பிழை வரம்புக்குள் இருக்கின்றனவா என்பதே கேள்வி. 50 பறவைகளை வைத்து 0.74 என்று கண்டிருந்தால் அதன் திட்டப் பிழை (மாதிரி சிறியதால் வரும் ஏற்றத்தாழ்வின் அளவு) சுமார் 0.06. 0.86 என்பது இரண்டு திட்டப் பிழை தள்ளி நிற்கிறது. ஒன்றுக்கொன்று பெருக்கும்போது மற்ற எண்களின் பிழையும் சேர்ந்துகொள்ளும். பூட்ஸ்ட்ராப் செய்து (அதே டேட்டாவிலிருந்து மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து), எத்தனை தடவைக்கு எத்தனை தடவை வரிசை மாறுகிறது என்று பார்ப்பது நல்லது. காத்திருப்பவரின் 0.29 மட்டும் எப்படிக் குலுக்கினாலும் கடைசியில்தான் இருக்கும்.

## அறிகுறி: உங்கள் சொந்த டேட்டாவில் உயிர்பிழைப்பு நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

வளையம் மாட்டிய பறவை அடுத்த ஆண்டு கண்ணில் படவில்லை என்றால் இறந்துவிட்டது என்று எழுதியிருப்பீர்கள். அது வேறு கரைக்குப் போயிருக்கலாம். அல்லது அங்கேயே இருந்தும் நீங்கள் பார்க்காமல் விட்டிருக்கலாம். உயிரோடு இருப்பதில் 90 சதவீதத்தைத்தான் கண்டுபிடிக்கிறீர்கள் என்றால், 0.54 என்று தெரிவது உண்மையில் 0.60. மூன்று பருவங்களாவது தொடர்ந்து பதிவு இருந்தால் கோர்மாக்-ஜாலி-சீபர் என்ற புள்ளியியல் முறையில் உயிர்பிழைப்பையும் கண்ணில் படும் வாய்ப்பையும் பிரித்துக் கணக்கிடலாம். ஆனால் நிரந்தரமாக வேறு கரைக்குப் போனதை இறப்பிலிருந்து அது பிரிக்காது. ஒரு உத்தியைச் சேர்ந்தவை மற்றவற்றைவிட அதிகத் தூரம் பரவிப் போகின்றன என்றால் மற்றக் கரைகளிலும் தேடுவது கட்டாயம்; இல்லாவிட்டால் பரவிப் போனதை இறப்பாக எழுதி அந்த உத்தியைத் தண்டித்துவிடுவீர்கள்.

## அறிகுறி: பெருக்க வீதம் 4 என்று வருகிறது

ஒரு ஜோடி 7 குஞ்சுகளைப் பறக்க விடுகிறது, பெரிய பறவையின் உயிர்பிழைப்பு 0.5 என்றால், ஒரு பறவைக்கு 0.5 + 3.5 (7-ல் பாதி) = 4. ஆண்டுக்கு நான்கு மடங்கு பெருகும் பறவை உலகை மூடிவிடும். கூட்டைவிட்டுப் பறந்த குஞ்சை, இனப்பெருக்கம் செய்யத் திரும்பி வந்த பறவையாக எண்ணியதுதான் காரணம். எண்ணிக்கை நிலையாக இருக்க வேண்டுமானால், அந்த 3.5-ல் ஏழில் ஒன்றுதான் முதல் ஆண்டைத் தாண்ட வேண்டும்.

## அறிகுறி: அதிக முட்டை இடுவதே ஜெயிக்கிறது, பறவையோ குறைவாக இடுகிறது

மீன்கொத்தியை விட்டு இங்கிலாந்துக்குப் போவோம். ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய வைத்தம் காட்டில், டேவிட் லாக் 1947-ல் தொடங்கிவைத்த பெரிய பட்டாணிக்குருவி ஆய்வு இன்றும் நடக்கிறது. 1960 முதல் 1982 வரையிலான 4489 கூடுகளின் பதிவை மார்க் பாய்ஸும் கிறிஸ் பெரின்ஸும் எடுத்துப் பார்த்தார்கள். பறவைகள் சராசரியாக இட்டது 8.53 முட்டைகள். ஆனால் அதிகம் பிழைத்த வாரிசுகளைத் தந்தது 12 முட்டைக் கூடு. இதுவே உங்கள் ஷீட்டிலும் வந்தால், மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில், ஆண்டுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தீர்களா, பெருக்கி எடுத்தீர்களா? எண்களை எளிதாக்கி ஒரு கற்பனைக் கணக்கு: 8 முட்டை உத்தி நல்ல ஆண்டில் 1.2 மடங்கும் கெட்ட ஆண்டில் 0.9 மடங்கும் ஆகிறது. 12 முட்டை உத்தி நல்ல ஆண்டில் 1.9, கெட்ட ஆண்டில் 0.4. கூட்டி எடுத்த சராசரியில் 8-க்கு 1.05, 12-க்கு 1.15, பன்னிரண்டு ஜெயிக்கிறது. ஆனால் தலைமுறைகள் பெருக்கலில்தான் நகரும். 100 பறவைகளோடு தொடங்கி ஒரு நல்ல ஆண்டும் ஒரு கெட்ட ஆண்டும் கடந்தால், எட்டின் வழியில் 108. பன்னிரண்டின் வழியில் 76. பெருக்குச் சராசரியை (ஆண்டு மதிப்புகளைப் பெருக்கி மூலம் எடுப்பது) எடுங்கள். பாய்ஸும் பெரின்ஸும் விளக்கியதும் இதைத்தான்: பெரிய கூடுகள் கெட்ட ஆண்டுகளில் அதிகமாக அடிவாங்குகின்றன.

அடுத்து, பெற்றோரின் செலவை எழுதினீர்களா? நெதர்லாந்தில் கெஸ்ட்ரல் வல்லூறுகளின் கூட்டில் கூடுதல் குஞ்சுகளை வைத்துப் பார்த்தபோது, அவற்றை வளர்த்த பெற்றோர் அடுத்த ஆண்டுவரை உயிரோடிருப்பது குறைந்தது. இந்த ஆண்டின் கூடுதல் குஞ்சை அடுத்த ஆண்டின் கூடு கொடுத்து வாங்குகிறார்கள்.

கடைசியாக, 12 இட்ட பறவையும் 8 இட்ட பறவையும் ஒரே தரம்தானா? நல்ல இடத்தில், நல்ல உடல்நிலையில் இருக்கும் பறவையே 12 இடுகிறது. 8 இட்ட பறவையின் கூட்டில் 4 சேர்த்தால் அது 12 இட்ட பறவை ஆகிவிடாது. வைத்தம் காட்டிலேயே கூட்டிலுள்ள குஞ்சுகளைக் கூட்டியும் குறைத்தும் செய்த சோதனைகள் 1988-ல் இதைக் காட்டின: ஒவ்வொரு ஜோடிக்கும் அது தானாக இட்ட எண்ணிக்கைக்கு அருகில்தான் அதற்கான சிறந்த எண் இருக்கிறது.

## அறிகுறி: உத்திகளின் தகுதி சமமாக வரவில்லை, சமமாக வர வேண்டாமா?

எந்த வகை உத்தி என்பதைப் பொறுத்தது.

மீன்கொத்தியில் சமமாக வர வேண்டியதில்லை. பெற்றோர் இருவரும் இறந்துபோன ஆணால் முதன்மை உதவியாளராக இருக்க முடியாது. அதற்குக் கிடைத்த வழிகளில் நல்லது, இரண்டாம் நிலை. உறவில்லாத ஜோடியும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். 0.98, 0.84, 0.29 என்பவை மூன்று பிறவிக் குணங்களின் மதிப்புகள் இல்லை. சூழ்நிலைக்குத் தக்க இறங்கிவரும் ஒரே பறவையின் மூன்று படிகள்.

ரஃப் என்ற உள்ளான் வேறு வகை. குளிர்காலத்தில் கோடியக்கரைப் பக்கம் வந்துபோகும் இந்தப் பறவையின் ஆண்கள், வடக்கே இனப்பெருக்கக் களத்தில் மூன்று வகையாகப் பிரிகின்றன: களத்தில் இடம்பிடித்துச் சண்டையிடுபவை, வெள்ளைக் கழுத்திறகோடு அவற்றை ஒட்டி நிற்பவை, பெண்ணைப் போலவே தோன்றும் மிக அரிய வகை. இது மரபணுவில் எழுதப்பட்டது. 11-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியதே காரணம் என்று 2016-ல் இரண்டு குழுக்கள் வெளியிட்டன. பிறவியிலேயே வந்த வகைகள் நெடுங்காலம் சேர்ந்து நிலைத்திருக்க வேண்டுமானால், நீண்ட கால நோக்கில் அவற்றின் தகுதி சமமாக வர வேண்டும். உங்கள் கணக்கில் வரவில்லை என்றால் எதையோ விட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டு இடங்கள்: தலைகீழ்ப் பகுதி இரண்டு பிரதியாக வந்த கரு உயிர்வாழாது என்ற இழப்பு, அதே மரபணுவைச் சுமக்கும் பெண்களின் இனப்பெருக்கம். ஆண்களை மட்டும் எண்ணினால் இந்தக் கணக்கு முடியாது.

## அறிகுறி: ஆண்களின் கூட்டுத்தொகை பெண்களின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகவில்லை

தூக்கணாங்குருவியில் இது உடனே தெரியும். 1931-ல் சாலிம் அலி பம்பாய்க் கரையோரக் கூடுகளைப் பார்த்து எழுதியபடி, ஆண் பாதிக் கூடு பின்னி நிறுத்துகிறது. பெண் வந்து பிடித்துப்போனால் முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. ஒரே பருவத்தில் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள். பக்கத்து ஆணுக்கு ஒருவருமில்லை.

வெற்றிபெற்ற ஆண்களை மட்டும் எண்ணிச் சராசரி எடுத்தால், ஆணாக இருப்பது அமோகமான உத்தியாகத் தெரியும். ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு தாய், ஒரு தந்தை. 10 ஆண்கள், 10 பெண்கள், 20 குஞ்சுகள் என்றால் இரு பாலுக்கும் சராசரி 2 தான், பரவல்தான் வேறு. ஆகவே ஷீட்டின் அடியில் ஒரு சரிபார்ப்பு வரி வையுங்கள்: எல்லா ஆண்களின் குஞ்சுகள், எல்லாப் பெண்களின் குஞ்சுகள், இரண்டும் சமமா? ஆண்கள் பக்கம் கூடினால் ஒரே குஞ்சுக்கு இரண்டு தந்தை எழுதியிருக்கிறீர்கள். குறைந்தால், தந்தை யாரென்று தெரியாத குஞ்சுகள் விடுபட்டிருக்கின்றன. ஆண்களின் சராசரி மட்டும் பெண்களின் சராசரியைவிட அதிகம் என்றால், கூட்டுக்கு வெளியே துணையில்லாமல் நின்ற ஆண்களை எண்ணவில்லை. பெண் வராததால் பாதியில் விட்டுப்போன கூடுகளைப் போய் எண்ணுங்கள். எந்த ஆண்கள் விடுபட்டன என்பது அங்கே தெரியும்.